நாணின் நீளம்: ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (உயர்நிலை 4 மாணவி): சார், வட்டம் (எக்ஸ் − 2)² + (ஒய் − 1)² = 25, கோடு 3எக்ஸ் + 4ஒய் = 25. கோட்டில் வட்டத்துக்குள் விழும் துண்டு, அதாவது நாண், எவ்வளவு நீளம்? கோட்டை வட்டத்தில் பிரதியிட்டால் பின்னமாக வந்து மாட்டிக்கொள்கிறேன்.

பதில்: மாட்டத்தான் செய்யும். வெட்டும் புள்ளிகள் (7, 1), (0.6, 5.8). இரண்டாவதைப் பிடிப்பதற்குள் பாதிப் பக்கம் போய்விடும். கேட்பதோ நீளம் மட்டும்தான். முதலில் படம் போடும்மா. மையம் (2, 1), அங்கிருந்து நாணுக்கு ஒரு செங்குத்து இறக்கு. அது நாணைச் சரிபாதியாக வெட்டும். ஆரம் 5 கர்ணமாக ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிடும். மையத்திலிருந்து கோட்டுக்குத் தூரம்: 3×2 + 4×1 − 25 = −15. குறியை விட்டுவிட்டு √(3² + 4²), அதாவது 5-ஆல் வகுத்தால் 3. பாதி நாண் √(25 − 9) = 4. முழு நாண் 8. கடைசி வரியில் 4 என்றே எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் ஏராளம். அத்தனை சரியாகப் போட்டுவிட்டு அங்கே மதிப்பெண் போனால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: அந்தத் தூரச் சூத்திரம் எங்கள் வகுப்பில் சொல்லித்தரவில்லையே?

பதில்: பரவாயில்லை. நாணின் சாய்வு −3/4, அதனால் செங்குத்தின் சாய்வு 4/3. மையம் வழியாக அந்தக் கோட்டைப் போட்டால் நாணை (3.8, 3.4)-இல் சந்திக்கும். √(1.8² + 2.4²) = 3. அதே 3தான்.

கேள்வி: அதே வட்டம், கோடு 3எக்ஸ் + 4ஒய் = 40. வர்க்கமூலத்துக்குள் −11 வருகிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பே இல்லை தம்பி. தூரம் 6, ஆரம் 5. கோடு வட்டத்தைத் தொடாமலே போகிறது, நாணே கிடையாது. தூரம் 5 என்று வந்திருந்தால் தொடுகோடு.

கேள்வி (ஒரு தாயார்): எக்ஸ்² + ஒய்² − 6எக்ஸ் + 4ஒய் − 12 = 0. மகன் ஆரம் 1 என்கிறான், விடை 5 என்று இருக்கிறது.

பதில்: அக்கா, (எக்ஸ் − 3)² + (ஒய் + 2)² என்று மாற்றும்போது 9 + 4 − 12 என்று கூட்டியிருப்பான். −12 அந்தப் பக்கம் போனால் +12 ஆகும். 9 + 4 + 12 = 25, ஆரம் 5, மையம் (3, −2). அவனையே சரிபார்க்க விடுங்கள். எக்ஸ் = 0 என்று போட்டால் ஒய் = 2, −6 வரும். ஒய் அச்சில் 8 நீள நாண். மையம் அந்த அச்சிலிருந்து 3 தள்ளி இருக்கிறது. ஆரம் 1 என்றால் வட்டம் அங்கே எட்டவே எட்டாது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (ஒரு தந்தை): இதை வெளியில் எங்கே பார்க்கலாம்? மகள் கேட்கிறாள்.

பதில்: ஹீலிக்ஸ் பாலத்துக்குக் கூட்டிப் போங்கள் அண்ணே, சிங்கப்பூர் ஃபிளையர் ராட்சதச் சக்கரம் பக்கத்திலேயே தெரியும். சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர், மொத்த உயரம் 165. அப்படியானால் ஆரம் 75, மையம் தரையிலிருந்து 90 மீட்டர். 135 மீட்டர் உயரத்தில் சக்கரம் எவ்வளவு அகலம்? ஒய் = 135 என்பதுதான் கோடு, மையத்திலிருந்து 45 தள்ளி. 75² − 45² = 3600, பாதி நாண் 60, முழுதும் 120 மீட்டர். ஒரு பெட்டி அந்த உயரத்தில் ஏறும்போது, அதே மட்டத்தில் எதிரே இறங்குகிற பெட்டி ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் இருக்கும். 150 மீட்டர் உயரத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே மகளைப் போடச் சொல்லுங்கள், 90 வரும்.