உள்நாட்டுப் போர் முடிந்த ஆப்பிரிக்க நாட்டில் வெளிநாட்டு உதவியால் தேர்தலும் அமைதியும் நிலைக்குமா?

நிலைக்க வாய்ப்பு உண்டு. அந்த உதவி யார் கைக்கு, எந்த நேரத்தில் போகிறது என்பதுதான் கேள்வி. இதைப் புரிந்துகொள்ள மொசாம்பிக்கைப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் அங்கோலா. 1992 செப்டம்பரில் ஐ.நா. மேற்பார்வையில் அங்கே தேர்தல் நடந்தது. அரசு, கிளர்ச்சியாளர்கள் என இரு தரப்புப் படைகளும் முழுதாகக் கலைக்கப்படவில்லை. முதல் சுற்றில் சுமார் 40 சதவீத வாக்கு பெற்ற கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி முடிவை ஏற்க மறுத்தார். மீண்டும் போர். 2002இல் அவர் கொல்லப்பட்ட பிறகே அது ஓய்ந்தது.

அங்கோலா தேர்தல் நடந்த அதே 1992இல், அக்டோபர் 4 அன்று, ஃப்ரெலிமோ அரசும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களும் ரோமில் கையெழுத்திட்டு மொசாம்பிக் போரை முடித்தார்கள். ஓராண்டுக்குள் தேர்தல் என்பது ஒப்பந்தம். அங்கோலாவில் நடந்ததைப் பார்த்திருந்த ஐ.நா. பிரதிநிதி அல்டோ அயெல்லோ, படைகளைக் கலைக்காமல் தேர்தல் இல்லை என்று உறுதியாக நின்றார். தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த ஓராண்டுதான் நாட்டைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

70,000க்கும் மேற்பட்ட வீரர்கள் முகாம்களுக்கு வந்து ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். ஊருக்குத் திரும்பியவர்களுக்கு அரசு 6 மாதமும், நன்கொடை நாடுகள் மேற்கொண்டு 18 மாதமும் உதவித்தொகை கொடுத்தன. இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டில் அடுப்பெரியும் என்று தெரிந்தவனைத் திரும்பக் காட்டுக்குக் கூப்பிடுவது எந்தத் தளபதிக்கும் எளிதல்ல. ரெனாமோவைக் கட்சியாக மாற்றவும் தனி நிதி வந்தது, சுமார் 1.7 கோடி டாலர். பெரும்பகுதி இத்தாலி கொடுத்தது. கிராமங்களை எரித்தவர்களுக்குப் பணமா என்று கொதித்தவர்கள் பலர். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தது சரிதான் என்பேன்.

அதன் பலன் 1994 அக்டோபரில் தெரிந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் ரெனாமோ தலைவர் த்லாக்காமா தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். விடிந்ததும் மக்கள் அதைப் பொருட்படுத்தாமல் வாக்குச்சாவடிகளில் வரிசை கட்டி நின்றார்கள். தூதர்களும் அண்டை நாட்டுத் தலைவர்களும் நெருக்கினார்கள். மறுநாளே அவர் திரும்பி வந்தார். வாக்குப்பதிவும் ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. ஃப்ரெலிமோவின் சிசானோ சுமார் 53 சதவீத வாக்குகளுடன் அதிபரானார். தோற்ற ரெனாமோவுக்கு 250 இடங்களில் 112 கிடைத்தன. அயலில், குறிப்பாக மலாவியில், அடைக்கலம் புகுந்திருந்த லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள்.

அதன்பின் உலகம் கவனத்தைத் திருப்பிக்கொண்டது. அதுதான் எனக்கு ஆற்றாமை. ரெனாமோ கொஞ்சம் ஆயுதத்தை ஒளித்து வைத்திருந்தது. தேர்தல் ஆணையமோ கட்சிக்காரர்களின் கையில் இருந்தது. 2013இல் மோதல் மீண்டும் வெடித்தது. 2019இல் இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ரெனாமோவின் கடைசி முகாம் மூடப்பட்டது 2023இல். 2024 அக்டோபர் தேர்தலில் வாக்கு எண்ணிக்கை முறைகேடுகளை ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்களே சுட்டிக்காட்டினார்கள். தெருவில் இறங்கியவர்களில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள்.

ஆகவே, உதவும் நாடுகள் முதல் தேர்தலோடு மூட்டை கட்டக் கூடாது. கட்சிகளின் பிடியில் இல்லாத ஆணையமும், ஒவ்வொரு சாவடியின் முடிவும் அங்கேயே ஒட்டப்பட்டு வெளியிடப்படுவதும் அடுத்தடுத்த நிதிக்கு நிபந்தனையாக இருந்திருக்க வேண்டும்.