டர்போ காருக்குக் கேட்ச் கேன்: டப்பா வாங்கும் முன் வால்வைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2012ஆம் ஆண்டு ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ இருக்கிறது. 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இசியூ ரீமேப் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது) செய்திருக்கிறேன். அவ்வப்போது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே ஓட்டுவதுண்டு. அண்மையில் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றியபோது உள்ளே ஆயில் படிந்திருந்தது. பிசிவி குழாயை எடுத்துவிட்டு, தலையில் சிறிய ஃபில்டர் வைத்த கேட்ச் கேனைப் பொருத்தினால் தீர்ந்துவிடும் என்கிறார் மெக்கானிக். இணையத்தில் மலிவாகவும் கிடைக்கிறது. செய்யலாமா? – கோவை வாசகர்

கேட்ச் கேன், அதாவது எஞ்சினிலிருந்து வரும் வாயுவில் கலந்த ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா, வைக்கலாம். ஆனால் உங்கள் மெக்கானிக் சொல்லும் முறையில் வேண்டாம். முதல் வேலையாகவும் வேண்டாம். உங்கள் எஞ்சினின் பிசிவி (உள்ளே சேரும் வாயுவைத் திரும்ப எரிய அனுப்பும் அமைப்பு) நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரியாமல் கேன் மாட்டினால், நோயை மறைத்ததாகத்தான் ஆகும்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் எரிந்த வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது எஞ்சினின் அடிக்கூட்டுக்குள், இறங்கும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்களே, அது இந்தக் கசிவு அளவு மீறிய நிலை. இந்த வாயுவில் எரியாத பெட்ரோல், நீராவி, அமிலத் தன்மையுள்ள கழிவு எல்லாம் இருக்கும். வெளியேறும்போது ஆயில் துகள்களையும் அள்ளிக்கொண்டு வரும். பழைய கார்களில் ஒரு குழாயைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு இதை ரோட்டில் விட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா அதை நிறுத்தியது. அன்று முதல் அந்த வாயு எஞ்சினுக்குள்ளேயே திரும்பிச் சென்று எரிகிறது. பிசிவி என்பது அந்தச் சுற்றுதான்.

டர்போ இல்லாத எஞ்சினில் இது சுலபம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் பெரும்பாலும் உறிஞ்சல் இருப்பதால் வாயுவை அதுவே இழுத்துக்கொள்ளும். டர்போ எஞ்சினில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் போய் அழுத்தம் வந்துவிடுகிறது. அதனால் இரண்டு வழிகள் தேவைப்படுகின்றன. ஐட்லிங்கிலும் மெதுவாக ஓட்டும்போதும் வாயு மேனிஃபோல்டுக்குப் போகும். பூஸ்ட் வந்தவுடன் அந்தப் பக்கத்து ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். வாயு இரண்டாவது குழாய் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு, அதாவது டர்போ முகப்புக்கு, போகும். உங்கள் இன்டர்கூலர் ஹோஸில் கண்ட ஆயில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் வந்ததுதான். உட்சுவரில் மெல்லிய படலமாக மட்டும் இருந்தால் அது இயல்பு, எந்த டர்போ காரிலும் இருக்கும். ஹோஸைச் சாய்த்தால் ஆயில் வழிந்து ஓடுகிறது என்றால்தான் கவலை.

அதிக ஆயில் போவதால் என்ன கெடுதல்? இன்டர்கூலரின் உட்புறம் பூசப்பட்டுக் குளிரூட்டும் திறன் குறையும். ஆயில் கலந்த காற்று பெட்ரோலின் ஆக்டேன் பலனைக் குறைக்கும். ரீமேப் செய்த காரில் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடிப்பது) வந்து, இசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். மூன்றாவது, லாராவின் எஞ்சின் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை. இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவிவிடும் வாய்ப்பே இல்லாததால் ஆயில் படிந்து, காய்ந்து, கரியாக இறுகிவிடும்.

இனி காரைப் பார்ப்போம். லாராவின் 1.8 எஞ்சினில் பிசிவி என்பது எஞ்சின் மேல் கவரில் உட்காரும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பாகம். உள்ளே டயஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. வயதானால் அது கிழியும், அந்தக் குடும்பத்து எஞ்சின்களில் இது மிகவும் பழகிய பழுது. கிழிந்தால் மேனிஃபோல்டின் முழு உறிஞ்சலும் கிராங்க்கேஸின் மீது விழும். ஐட்லிங்கில் விசில் போன்ற சத்தம் கேட்கும், எஞ்சின் ஒழுங்கில்லாமல் நடுங்கும், ஆயில் குறையும். கடைசியில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் வரை கெடும். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பிசிவி பாகத்தின் விலையை அந்த வேலையின் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோதனை எளிது. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு, ஆயில் மூடியைத் திருகி மெல்லத் தூக்குங்கள். லேசான உறிஞ்சல் தெரிந்து, மூடி எளிதாக வந்து, எஞ்சின் ஓட்டம் சற்றே மாறினால் நல்லது. மூடியை எளிதில் இழுக்க முடியாமல் உள்ளே பிடித்துக்கொண்டு, திறந்ததும் விசில் சத்தம் நின்றுபோனால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. மாறாக உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வெளியே தள்ளினால், ஒன்று காற்றுப் பாதை அடைத்திருக்கிறது, இல்லையென்றால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. அப்போது லீக் டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவை அளப்பது, செய்யச் சொல்லுங்கள். 10 சதவீதத்துக்குள் கசிவு இருந்தால் நிம்மதி. 20 சதவீதத்தைத் தாண்டினால் எஞ்சினைத் திறக்கும் பேச்சைத்தான் பேச வேண்டும், கேன் பற்றி அல்ல.

இந்த எஞ்சினுக்கு ஆயில் குடிக்கும் பெயரும் உண்டு. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று ஸ்கோடாவின் கையேடே சொல்கிறது. என் கணக்கில் அது தாராளமான அனுமதி. அதில் பாதி குறைந்தாலே நான் காரணம் தேடுவேன். உங்கள் கார் எவ்வளவு குடிக்கிறது என்று கடிதத்தில் எழுதவில்லை. அடுத்த ஆயில் மாற்றத்திலிருந்து குறித்துவையுங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது மிகுதி ஆயில்தான் முதலில் பிசிவி குழாயைத் தேடி ஓடும். ஆயில் வாங்கும்போது அதன் விவரத் தாளில் நோவாக் என்ற எண்ணைப் பாருங்கள். 250 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பதைக் காட்டும் எண் அது. ஃபோக்ஸ்வாகனின் 502.00 தரச்சான்று பெற்ற ஆயில்களுக்குள் இந்த எண் எதற்குக் குறைவோ அதை எடுங்கள். பலர் கேனுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது, டிராக்கில் தொடர்ந்து ஓட்டுவேன் என்றால் கேன் பொருத்துவதில் அர்த்தம் இருக்கிறது. எந்தக் குழாயில்? பிசிவியிலிருந்து டர்போ முகப்புக்குப் போகும் பின்பக்கக் குழாயில். பூஸ்டில் ஆயில் அள்ளி வருவது அங்கேதான். பிசிவியையே கழற்றி, தகடு போட்டு அடைத்து, எல்லா வாயுவையும் கேன் வழியாக டர்போவுக்குத் திருப்பும் கிட்டுகளும் கிடைக்கின்றன. ஊருக்குள் ஓட்டும் காருக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். போக்குவரத்து நெரிசலில் டர்போ முகப்பில் உறிஞ்சல் மிகக் குறைவு. மேனிஃபோல்டு வழியையும் அடைத்துவிட்டால் நீராவியும் பெட்ரோல் ஆவியும் கிராங்க்கேஸிலேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும்.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. நகர ஓட்டத்தில் பெரும் பங்கு வாயு மேனிஃபோல்டு பக்கமாகவே போவதால், பின்பக்கக் குழாயில் வைத்த கேன் வால்வில் கரி படிவதைப் பெரிதாகத் தடுக்காது. கரி சேர்ந்தால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் வழி. கேன் வைத்தால் அந்தச் செலவே வராது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் மெக்கானிக்கின் யோசனைக்கு வருகிறேன். தலையில் ஃபில்டர் வைத்த திறந்த கேன் வாயுவை எஞ்சின் அறைக்குள் விட்டுவிடும். ஏசி வழியாக அந்த நாற்றம் காருக்குள் வரும். டர்போ முகப்பில் குழாயைப் பிடுங்கிய இடத்தைச் சரியாக அடைக்காவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் எஞ்சின் விளக்கு எரியும். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் ஆயில் ஆவி கசிவதும் நல்லதல்ல. சட்டமும் இடம் தரவில்லை: பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) மாசு விதிகளின்படி பெட்ரோல் காரின் கிராங்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கவே கூடாது. மாசுச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் இதைச் சோதிப்பதில்லை என்பதால் அது அனுமதி ஆகிவிடாது. பந்தயக் கார்களில் திறந்த கேன் பார்க்கிறோமே என்றால், அது வேறு உலகம். அங்கேயும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி 2,000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளளவு வேண்டும். ஆயில் ரோட்டில் சிந்தக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆகவே உங்களுக்கு மூடிய கேன்தான்: ஒரு குழாயில் உள்ளே வந்து, மறு குழாயில் டர்போ முகப்புக்கே திரும்ப வேண்டும்.

கேனைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், துளையைப் பாருங்கள். மலிவுக் கேன்களில் வரும் இணைப்புகளின் உள்விட்டம் பெரும்பாலும் 9, 10 மில்லிமீட்டர்தான். உங்கள் காரின் குழாய் அதைவிடப் பெரியது. பாதையில் எந்த இடமும் மூலக் குழாயைவிடக் குறுகக் கூடாது. ஏனென்று விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேனால் டர்போ கெட்ட கதைகள் இங்கேதான் தொடங்குகின்றன. டர்போவின் பேரிங்குக்குப் போகும் ஆயில் புவியீர்ப்பால்தான் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வழிந்து இறங்குகிறது. அதைத் தள்ள பம்ப் எதுவும் இல்லை. குறுகிய கேனால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவிலேயே தேங்கி, சீல்களைத் தாண்டிக் கசியும். சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று சொல்லி மாற்றிவிடுவார்கள். புது டர்போவும் அதே போலப் புகைக்கும்.

உள்ளே தடுப்புத் தகடும் வலையும் இல்லாத வெற்று டப்பா பயன்படாது. ஆயில் துகள்கள் மிக நுண்ணியவை. திசை திரும்பி, பரப்பில் மோதி, ஒன்றுசேர்ந்து சொட்டினால்தான் பிடிபடும். வெற்று டப்பாவுக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிக்கும் கைவேலையை எங்கும் பார்க்கிறேன். வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் ஒரு துண்டு நேரே நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் கம்ப்ரசர் சக்கரத்தில்தான் போய் விழும்.

கேன் குளிர்ச்சியாக இருந்தால்தான் இட்லிப் பானை மூடியில் நீர் கோப்பது போல ஆவி உள்ளே படியும். உங்கள் காரில் டர்போ எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம் இருக்கிறது. அங்கே வைக்காமல் முன்பக்கம், காற்றுப் படும் இடத்தில் உறுதியான பிராக்கெட்டில் பொருத்துங்கள். குழாய் நடுவில் தொய்ந்து பள்ளமாகக் கூடாது. ரேடியேட்டர் ஹோஸ் மீந்திருக்கிறது என்று அதையே மாட்டிவிடுவார்கள். அந்த ரப்பர் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். பார்ப்பதற்கு அழகான சாதாரண சிலிக்கான் ஹோஸும் ஆயிலுக்கு உதவாது. ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர், அல்லது உட்புறம் விட்டான் (Viton) என்ற ரப்பர் பூசியது என்று கேட்டு வாங்குங்கள்.

பொருத்திய அன்றே ஆயில் மூடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முன்பு இருந்த அதே லேசான உறிஞ்சல் இருக்க வேண்டும். ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) அளவுகளைப் பொருத்துவதற்கு முன்னும் பின்னும் குறித்து ஒப்பிடுங்கள். கேன் நிறைந்து வழிந்தால் சேர்ந்த ஆயில் மொத்தமும் ஒரே மூச்சில் டர்போவுக்குள் போய்விடும். எனவே தொடக்கத்தில் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், டிராக்கில் ஒவ்வொரு முறை ஓட்டி முடித்து நிறுத்தியதும் திறந்து பாருங்கள். அதில் சேர்வது ஆயில், நீர், பெட்ரோல் கலந்த கழிவு. எஞ்சினுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் சேர்க்கும் பீப்பாயில் போடுங்கள். குறுந்தூரமே ஓட்டினாலோ, ஊட்டிக்குக் குளிர்காலத்தில் போய்வந்தாலோ வெண்மஞ்சள் குழம்பாக இருக்கும். அது நீராவி, பயப்பட வேண்டாம். கூலன்ட் வாசனையோ இளஞ்சிவப்பு நிறமோ தெரிந்தால் மட்டும் காரை நிறுத்தி, ஹெட் கேஸ்கட்டைச் சோதித்த பிறகு எடுங்கள்.