கடைசி வரியைப் படித்தீர்களா, அம்மிணி?

கேள்வி: எனக்கு 47 வயது. திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கட்டிங் வேஸ்ட் வியாபாரம் பார்க்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஆறு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆடிக்கு முன்னால் ஒன்று காலியானது, இன்னும் ஆள் வரவில்லை. போன வாரம் ஒடிசாக்காரர் ஒருவர் மனைவியோடும் நாலு வயதுப் பெண் குழந்தையோடும் வந்து கேட்டார். பக்கத்துக் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். "வடக்கத்தி ஆளுகளுக்கு விடறதில்லை" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை அந்தக் குழந்தை எங்கள் இரும்புக் கேட்டின் கம்பியில் ஏறி நின்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

சின்ன வயதிலிருந்தே கவிதை எழுதுகிறேன். எங்கள் மகளிர் சங்க ஆண்டு விழாவில் 'உலகமே என் ஊர்' என்ற தலைப்பில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வரி எழுதி, கல்லூரியில் படிக்கும் மகளிடம் காட்டினேன் (உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்). "நல்லாருக்குதும்மா. அந்த வீடு இன்னும் காலியாத்தான இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து தூக்கமில்லை. நான் போலியா? இந்தக் கவிதையை வாசிக்கலாமா, வேண்டாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, போலிக்குத் தூக்கம் கெடாது. அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுவோம். எனக்குச் சண்டை உங்கள் கவிதையோடுதான்.

"எல்லைக்கோடு மனிதன் கிழித்தது, பறவைக்கு ஏது பாஸ்போர்ட்டு" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். இந்தப் பறவை எனக்கு ரொம்ப நாள் பழக்கம். நான் கவியரங்கம் கேட்க ஆரம்பித்த காலத்திலிருந்து பாஸ்போர்ட் இல்லாமல் பறந்துகொண்டே இருக்கிறது, ஒரு மேடையிலும் இறங்கினதில்லை. அப்புறம் காற்று வருகிறது, நிலா வருகிறது, மழை வருகிறது, எல்லாம் எல்லோருக்கும் பொது என்கின்றன. நாற்பது வரியில் மனிதர் என்று ஒருத்தர்கூட இல்லை. 'மானுடம்' மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. மானுடம் வாடகைக்கு வீடு கேட்டு வராது. வந்தவர் ஒரு டெய்லர்.

'உலகக் குடிமகன்' என்ற சொல்லுக்கே ஒரு வாடகை வீட்டுக் கதை இருக்கிறது தெரியுமா? கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்னால், கருங்கடல் ஓரத்திலிருந்த சினோப் என்ற ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தார் டயோஜினிஸ் என்ற கிரேக்க ஞானி. நாணய விவகாரத்தில் ஏதோ வில்லங்கம். ஏதென்ஸில் அவர் வெளியூர்க்காரர்தான், அந்த ஊர்க் குடிமகன் என்ற உரிமை கிடையாது. "நீ எந்த ஊர்?" என்று கேட்டவரிடம்தான், "நான் உலகத்தின் குடிமகன்" என்று சொன்னாராம். ஒரு சின்ன வீடு பார்த்துத் தரச்சொல்லி யாருக்கோ எழுதியிருக்கிறார், அந்த ஆள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கவும், ஒரு கோயில் வளாகத்தில் கிடந்த பெரிய மண் தாழிக்குள் குடியேறிவிட்டார் என்று அவர் வரலாற்றைத் தொகுத்த பழைய நூல் சொல்கிறது. அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவர் வீடு கிடைக்காத மனிதர். அதற்கப்புறம் அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள். உங்களையும் சேர்த்து, என்னையும் சேர்த்து.

நம் பக்கத்துக்கு வருவோம். கவிதையின் கடைசியில் கணியன் பூங்குன்றனாரை நிறுத்தியிருக்கிறீர்கள். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்.' இந்த வரி எங்கெங்கோ போய்விட்டது. 2007இல் அப்துல் கலாம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சொன்னார். 2019இல் பிரதமர் ஐ.நா. பொதுச்சபையில் சொன்னார். நம் ஊரில் கல்யாண மண்டபத்து வளைவிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் இருக்கிறது. ஆனால் புறநானூற்று 192ஆம் பாட்டு பதின்மூன்று வரி. முதல் வரியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அந்தப் பன்னிரண்டில்தான் சங்கதி இருக்கிறது. நல்லதும் கெட்டதும் அடுத்தவர் தந்து வருவதில்லை என்கிறார். மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் பெரிய ஆற்றில் தெப்பம் போகிற மாதிரி உயிர் அதன் முறைப்படி போகிறது என்கிறார். (நம் நொய்யலில் தெப்பம் மிதக்கத் தண்ணீர் வேண்டுமே, சாயப்பட்டறைக் கழிவில் மிதக்கவிட்டால்தான் உண்டு என்றிருந்த வருஷங்களைத் திருப்பூர்க்காரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) உயிரே இப்படித் தெப்பம் மாதிரிப் போகிறது என்பதால், பெரியவர்களைப் பார்த்து வாய்பிளப்பதும் இல்லை என்றவர், கடைசி வரியாக வைப்பது இது: 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' அந்த 'அதனினும்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். பெரியவர்களை வியக்காமல் இருப்பதுகூடச் சறுக்கலாம், போகட்டும்; சின்னவர் என்று ஒருவரை இளக்காரமாக நினைப்பது மட்டும் அறவே கிடையாது என்கிறார். முதல் வரியை மேடையில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கடைசி வரிக்கு வாசலில் நின்றால்தான் வேலை.

வாசல் என்றதும் நம் 'ங்க' ஞாபகம் வருகிறது. கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சிலாகிக்காத நாள் இல்லை. பால்காரருக்கு 'ங்க', பஸ் கண்டக்டருக்கு 'ங்க', தொட்டில் குழந்தையைப் பார்த்துக்கூட "ஏனுங் சாமி, எந்திரிச்சுட்டீங்ளா" என்போம். ஆனால் கம்பெனி வாசலில் நின்று கேளுங்கள். அதே வாய், டெய்லர் ஒடிசாக்காரர் என்றால், "ஏ பையா, இங்க வா, இதத் தூக்கு." இருபது வயதுச் சூப்பர்வைசர் நாற்பது வயது ஆளைச் சொல்கிறான். அவருக்குத் தமிழ் தெரியாதே என்று சமாதானம் சொல்வார்கள். அவர்கள் ஒடியாவிலும் மரியாதைக்கு 'ஆபண' என்று தனிச்சொல் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த ஒரே மாதத்தில் 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த 'ங்க' நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்குமாவது கிடைத்ததா? எங்கள் தோட்டத்தில் ஏற்றம் இறைத்த காலத்திலிருந்து இருந்தவர் ஒருவர், அப்போதே தலை முழுக்க நரைத்தவர். மத்தியானம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தவரை, ஆறு வயதுப் பிள்ளையான நான் பேர் சொல்லி, "வாடா, அப்பா கூப்பிடறாங்க" என்றேன். அவர் துண்டை உதறி எடுத்துக்கொண்டு, "வர்றனுங் சின்னம்மிணி" என்று எழுந்து வந்தார். எனக்கு அவர் தந்த 'ங்க'வில் ஒன்றைக்கூட நான் திருப்பித் தந்ததில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வீடு கேட்டு வருகிறவரிடம், வாடகை பேசுவதற்கு முன்னால், "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஊர் வாய் கேட்கிறதே, அதே வாய்தான் இன்றைக்கு 'வடக்கத்தி ஆளுகளுக்கு விடறதில்லை' என்றும் சொல்கிறது. புது வியாதி இல்லை அம்மிணி.

'வடக்கத்தி' என்றதற்கு இன்னொன்று. உங்கள் ஊரிலிருந்து நொய்யல் ஓடுகிற திசையிலேயே போனால் சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலர் 'கொடுமணம்' என்று பாடின ஊர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்மணி அறுத்து, துளை போட்டு, மெருகேற்றி ஏற்றுமதி செய்த ஊர். அந்தக் காலத்துத் திருப்பூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து கரூர் போகும் வணிக வழியில் இருந்தது. பச்சைக்கல் பக்கத்தில் படியூரில் கிடைத்தது, சூதுபவளம் என்ற சிவப்புக்கல் குஜராத் பக்கமிருந்து வந்தது. அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு, வடக்கத்தி மொழியான பிராகிருதத்தின் சொற்களும் கீறப்பட்டிருக்கின்றன. வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்கூட ஒரு ஓட்டில் இருக்கிறது. வடக்கேயிருந்து வந்தவர்களும் அங்கே புழங்கியிருக்க வேண்டும். யாரோ வீடு கொடுத்துத்தானே இருப்பார்கள்?

நாமும் போகாத ஊர் இல்லை. என் பெரியப்பா மகன் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பத்து வருஷம் ஓடினார். ராஜஸ்தானில் ஒரு கிராமத்தில் 'மதராசி' என்று யாரும் இடம் தரவில்லையாம். இருபது நாள் லாரிக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு கிழவி, ரொட்டியும் ஒரு சொம்பு மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்களுக்குப் புரியாத பாஷையில் ஏதோ திட்டிக்கொண்டே போனாராம். திட்டினாரா வாழ்த்தினாரா என்று இன்றுவரை அண்ணனுக்குத் தெரியாது. பேரப் பிள்ளைகளுக்கு அந்தக் கிழவி மாதிரியே கையை ஆட்டிப் பேசிக்காட்டுவார். மொத்த ராஜஸ்தானில் அவருக்கு ஞாபகமிருப்பது அந்தச் சொம்பு ஒன்றுதான்.

சரி, உங்கள் வீட்டுக்காரர். அவரை வில்லனாக்க எனக்கு மனசில்லை. குடும்பம் என்று வந்து பின்னால் எட்டுப் பேராகிவிடுவார்கள், செப்டிக் டேங்க் நிறையும், நல்ல தண்ணீர் பத்தாது என்ற பயம் இருக்கும். பீஸ் ரேட் கூலியில் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் ஒரே அறையில் நெருக்கிப் படுப்பது உண்மைதான். ஆனால் எட்டுப் பேர் வருவதற்கும் ஒடிசாவுக்கும் சம்பந்தமில்லை. தேனிக்காரர் வந்தாலும் "எத்தனை பேருங்க?" என்று கேட்கத்தானே போகிறார்? அதையே இவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். மற்ற ஐந்து வீட்டுக்கு என்ன அட்வான்ஸோ அதுவே அட்வான்ஸ், அதே வாடகை, சப் மீட்டரில் யூனிட்டுக்கு அதே கணக்கு. ஆதார் நகல் எல்லோரிடமும் வாங்கினால் இவரிடமும் வாங்கலாம், இவரிடம் மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை பேர் என்பதையும் சேர்த்து. குறைத்து வாடகை சொல்லிப் புண்ணியம் தேடவும் வேண்டாம். அடுத்த மாதமே அதைச் சொல்லிக்காட்டத் தோன்றும்.

பயம் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். 2020 ஊரடங்கில் ரயில் விட்டால் போதும் என்று மூட்டையோடு நின்றவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. போலீஸ் இந்தியிலேயே மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீடியோ பொய்தான், ஆனால் அதை நம்பிப் பயந்தவர்களின் பயம் பொய்யில்லை. தினமும் 'ஏ பையா' கேட்டவருக்கு அதை நம்புவதில் என்ன சிரமம்?

வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்லாதீர்கள், சோறு போடும்போது மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். "ரெண்டு மாசமா வாடகை போயிட்டிருக்குதுங்" என்று ஆரம்பித்தால் போதும். வேஸ்ட் வியாபாரிக்கு அந்தக் கணக்கு சட்டென்று புரியும். மனசு மாறி வீடு கொடுத்தாரா, காசுக்காகக் கொடுத்தாரா என்று நோண்டாதீர்கள். கொடுத்தால் சரி.

இனி கவிதை. நாற்பது வரியில் பறவை, நிலா, மானுடம் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. பெரியவர்கள் வீடு இல்லை என்று பேசிக்கொண்டிருக்க, ஒரு குழந்தை கேட்டில் ஏறி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. இதை எழுதும்போது நீங்கள் கவிதை எழுதுவதாக நினைக்கவில்லை, அதனால்தான் நன்றாக வந்துவிட்டது. அங்கே ஆரம்பியுங்கள். கேட்டின் நிறம் என்ன, ஆடும்போது கிறீச்சிட்டதா, குழந்தை காலில் என்ன செருப்பு, நீங்கள் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் மகள் கேட்ட கேள்வியையும் அப்படியே வையுங்கள், மாற்றாமல், அந்த 'தான'வோடு. பத்து வரி வந்தாலே அதிகம். 'உலகம்' என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது. தலைப்பில்தான் சங்கத்தார் ஏற்கெனவே போட்டுவிட்டார்களே.

வீடு கொடுத்த பிறகுதான் வாசிக்க வேண்டும் என்றில்லை. கொடுக்க முடியாமலே போனாலும் இந்தப் பத்து வரியை வாசியுங்கள். மேடையில் நின்று "நான் வாயைத் திறக்கவில்லை" என்று ஒருத்தி சொன்னால், கீழே உட்கார்ந்திருக்கும் லைன் வீட்டுக்காரிகள் நாலு பேராவது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்கள்.

அவர்கள் குடிவந்தால் முதல் நாளே, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள், அந்தக் குழந்தையையும் சேர்த்து. கேட் ஆடி ஆடிக் கீல் தளரும். அதை அட்வான்ஸில் கழிக்காதீர்கள்.