கேள்வி கேக்கலாம், கஜானாவைத் தொட முடியாது: வாசகர் கேள்வி பதில்

முல்லைப் பெரியாறு கட்டுறப்பவே மெட்ராஸ்ல சட்டசபை இருந்துச்சுன்னு சொல்றாங்களே, இவ்ளோ செலவு ஏன்னு யாரும் கேக்கலையா?
மதுரை வாசகர்

எங்கங்க கேக்கறது, வாயைத் திறக்கவே அனுமதி இல்லையே. 1861 சட்டப்படி மெட்ராஸ்ல ஒரு கவுன்சில் இருந்துச்சுதான், ஆனா அது கவர்னர் கொண்டு வர்ற மசோதாவைப் பேசி முடிச்சுட்டு எழுந்து போற சபை, கேள்வி கேக்கற உரிமையும் இல்ல, பட்ஜெட்டைப் பத்திப் பேசற உரிமையும் இல்ல. திருவிதாங்கூரோட 999 வருஷ குத்தகை 1886-ல கையெழுத்தாச்சு, அடுத்த வருஷமே வேலை ஆரம்பிச்சுட்டாங்க. கேள்வி கேக்கலாம்னு சட்டம் வந்ததே 1892-ல! அணை திறந்தது 1895. அதாவது பாதி வேலைக்கு மேல முடிஞ்ச அப்புறம்தான் மெம்பருக்கு வாய் வந்துச்சு.

அந்த 1892 உரிமையும் அரைகுறைதான். முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், அரசாங்கம் ஒரு பதிலைப் படிக்கும், அதோட சரி. "அப்படின்னா இது எப்படி?"னு திருப்பிக் கேக்க முடியாது. பட்ஜெட்டைப் பத்திப் பேசலாம், ஓட்டு போட முடியாது. துணைக் கேள்வி 1909 சட்டத்துலதான் வந்துச்சு, அதையும் முதல்ல கேள்வி கேட்டவரேதான் கேக்கணும், பக்கத்து சீட்காரர் கூட சேர்ந்துக்க முடியாது.

இரட்டை ஆட்சின்னு ஸ்கூல்ல படிச்சேன், ஒண்ணும் மண்டையில ஏறல. தண்ணியை வச்சு சொல்ல முடியுமா?
திருச்சி வாசகி

தண்ணியை வச்சு சொன்னாத்தான் இது சரியாப் புரியும், நல்லாக் கேட்டீங்க. 1919 சட்டம் வந்து 1920-ல தேர்தல் நடந்து நீதிக்கட்சி மந்திரிங்க வந்தாங்க இல்ல, அப்ப அரசாங்க வேலைகளை ரெண்டாப் பிரிச்சாங்க, அதுதான் இரட்டை ஆட்சி. ஸ்தல சுயாட்சி (அதாவது முனிசிபாலிட்டி மாதிரி உள்ளூர் நிர்வாகம்), சுகாதாரம், கல்வி இதெல்லாம் மந்திரிங்க கையில. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் இதெல்லாம் கவர்னர் பக்கத்துல உக்காந்திருக்கற நிர்வாக சபை மெம்பருங்க கையில, அவங்களை சட்டசபை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

இப்ப பாருங்க, உங்க ஊர் காவேரியையே எடுத்துக்குவோம். அந்தத் தண்ணி வாய்க்கால்ல வயலுக்குப் போனா அது பாசனம், நிர்வாக சபை மெம்பர் சமாச்சாரம். கொஞ்ச காலம் அந்த நிர்வாக சபையில சட்ட இலாகா மெம்பரா இருந்த சி.பி.ராமசாமி ஐயர் கையிலதான் அது இருந்துச்சு. அதே தண்ணி குழாய்ல ஏறி முனிசிபாலிட்டி டேங்குக்குப் போச்சுன்னா அது ஸ்தல சுயாட்சி, அதுக்கு மந்திரி பனகல் ராஜா. ஒரே ஆறு, ரெண்டு முதலாளி. குழாய் போட முனிசிபாலிட்டிக்குக் கடனோ மானியமோ வேணும், மந்திரி சரின்னுதான் சொல்வாரு, ஆனா பணத்தைத் திறக்கற நிதி இலாகா மறுபடியும் அந்தப் பக்கம்! ஊர்ல குடிக்கத் தண்ணி இல்லன்னு சபையில எழுந்து கேட்டா திட்டு வாங்கறது நம்மாளு மந்திரி, சாவி வச்சிருக்கறவரு பேசாம உக்காந்திருக்கலாம். எனக்கு அந்த மந்திரிங்க மேல கோவத்தை விட பரிதாபம்தான் ஜாஸ்தி.

ஓட்டு இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருந்துச்சு, ஒரு இலாகாவுக்குப் பணம் கேக்கற மானியக் கோரிக்கையில 100 ரூபா குறைக்கணும்னு ஒரு வெட்டுத் தீர்மானம் குடுத்து அதைச் சாக்கா வச்சு ஒரு இலாகாவையே பிழிஞ்சு எடுப்பாங்க. ஆனா அது கவர்னர் பக்கத்து இலாகான்னா, இந்தப் பணம் அவசியம்னு கவர்னர் சான்று எழுதினா வெட்டினது அப்படியே திரும்பி வந்துரும். அரசாங்கக் கடனுக்கு வட்டி, பெரிய அதிகாரிங்க சம்பளம் இதெல்லாம் ஓட்டுக்கே வராது.

பணமே இல்லன்னு சபையில அரசாங்கம் எல்லா பதில்லயும் சொல்லிருக்காமே, நிஜமாவே இல்லையா?
சென்னை வாசகர்

முழுப் பொய்யும் இல்ல. 1920-ல மெஸ்டன் கமிட்டி, மாகாணங்க எல்லாம் மத்திய அரசுக்கு வருஷா வருஷம் இவ்ளோ கட்டணும்னு ஒரு கணக்கு போட்டுச்சு, மொத்தம் 983 லட்சம். அதுல மெட்ராஸ் தலையில விழுந்தது 348 லட்சம், எல்லாரையும் விட ஜாஸ்தி. பெரிய தொழில் நகரம் வச்சிருந்த பம்பாய் 56, வங்காளம் 63. நம்ம நிலவரி நிறைய வருதுங்கறதுக்காக நம்ம மேல இந்தச் சுமை! சபையில கட்சி வித்தியாசம் பாக்காம எல்லாரும் சேர்ந்து கத்தினது இதுக்குத்தான். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு 1920-கள் முடியறதுக்குள்ள எடுத்துட்டாங்க, ஆனா மந்திரிங்களுக்கு அந்த முதல் வருஷங்கதான் முக்கியம், அது போச்சு.

மேட்டூருக்கு மட்டும் எப்படிப் பணம் வந்துச்சு?
சேலம் வாசகர்

கடன் வாங்கினாங்க. பாசன வேலைன்னா தண்ணித் தீர்வை வரும், வட்டி கட்டிட்டு மிச்சமும் நிக்கும்னு கணக்கு காட்ட முடியும். குடிதண்ணிக் குழாய்ல அந்த மாதிரி லாபம் காட்டறது கஷ்டம், அதான் ஒண்ணு நடக்கும் ஒண்ணு நடக்காது. அப்பவும் இன்ஜினியர் எல்லிஸ் 1910-லயே திட்டம் போட்டுக் குடுத்தும், காவேரித் தண்ணிக்காக மைசூரோட இழுபறி 1924 ஒப்பந்தம் வரைக்கும் ஓடி, 1925-ல லண்டன்ல இந்திய விவகாரத்தைப் பாத்துக்கிட்ட பிரிட்டிஷ் மந்திரி சரி சொன்ன அப்புறம்தான் மண்ணு வெட்டினாங்க. 1934-ல திறந்து கவர்னர் ஸ்டான்லி பேரை வச்சாங்க.

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு ஏன் சத்தியமூர்த்தி பேரு?
திருவள்ளூர் வாசகி

அவரு 1923-லேந்து மெட்ராஸ் சபையிலயும் அப்புறம் டெல்லி சபையிலயும் கேள்வியாக் கேட்டே அரசாங்கத்தைத் தூங்க விடாத ஆளு. 1939-ல சென்னைக்கு மேயரானப்ப கேக்கற இடத்துலேந்து செய்யற இடத்துக்கு வந்தாரு, சென்னைக் குடிதண்ணிக்காக பூண்டியில கொசஸ்தலை ஆத்துல அணை கட்டணும்னு நின்னாரு, அடுத்த வருஷம் அடிக்கல் வச்சாச்சு, செலவு சுமார் 65 லட்சம். அணை திறந்தது 1944 ஜூன்ல, அவரு 1943 மார்ச்லயே போயிட்டாரு.