முதல் சோஷியல் டான்ஸ்: மனைவியை வேறு யாராவது ஆடக் கூப்பிட்டால்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும் ஆறு மாதமாக ஞாயிறுதோறும் திருச்சி போய் ஒரு பால்ரூம் கிளப்பில் (ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுகிற மேற்கத்திய நடனம்) வால்ட்ஸும் சா-சா-சாவும் கற்கிறார்கள். அடுத்த மாதம் கிளப் ஒரு சோஷியல் டான்ஸ் வைக்கிறது, அதாவது பாடமோ போட்டியோ இல்லாமல் எல்லோரும் கூடி ஆடுகிற நிகழ்ச்சி. "வேறு யாராவது என் மனைவியைக் கூப்பிட்டால் ஆடித்தான் ஆகணுமா? சேலையில் வரலாமா? கூட்டத்தில் யாரையாவது இடித்துத் தொலைப்போமோ?"

இடிப்பதை முதலில் பார்ப்போம், மற்ற இரண்டும் பேசித் தீர்க்கிற விஷயம். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், டேங்கோ, குவிக்ஸ்டெப் எல்லாம் ஹாலைச் சுற்றி நகர்கிற ஆட்டங்கள். எல்லா ஜோடியும் ஒரே திசையில்தான் சுற்றவேண்டும், அந்தத் திசை நம் பிரதட்சிணத்துக்கு நேர் எதிர். பிராகாரம் சுற்றும்போது சந்நிதி வலக்கைப் பக்கம் இருக்குமே, இங்கே நீங்கள் போகிற திசையைப் பார்த்து நின்றால் ஹாலின் நடு இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் சின்ன வயதிலிருந்து கோயில் சுற்றின கால், பதற்றத்தில் தானாக வலம் போகும். என் முதல் சோஷியலில் நான் அப்படித்தான் எதிரே வந்த ஒரு பெரியவர் மேல் நேராகப் போய் மோதினேன். இன்னொன்று, புதிதாக வருகிறவர்கள் பயத்தில் சுவரோரம் ஒண்டிக்கொள்வார்கள், அது தப்பு. சுவரோரம் வேகமாக ஆடுகிறவர்களுக்கான பாதை, மெதுவாக ஆடுகிறவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆடவேண்டும். சா-சா-சா, ரும்பா, ஜைவ் நின்ற இடத்திலேயே ஆடுகிறவை என்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை, கையை அகலமாக வீசாமல் இருந்தால் போதும்.

தாளம் உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது என்று நினைக்கிறேன், தஞ்சாவூர்ப் பக்கத்துக் காதுக்கு "தகிட தகிட" சொல்லித்தரவேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்கள் கற்ற வால்ட்ஸ் மூன்றடித் தாளம், நிமிடத்துக்கு 84 முதல் 90 தாள அடி. அதே மூன்றடி கிட்டத்தட்ட இரட்டை வேகத்தில் வந்தால் அது வியன்னீஸ் வால்ட்ஸ், பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, கூப்பிடுகிற விஷயம். சோஷியல் என்பதே ஆள் மாற்றி ஆடுவதற்குத்தான், ஆகவே கூப்பிடுவார்கள். அதில் விகல்பமாக நினைக்க ஒன்றுமில்லை. ஒரு பாட்டு, அதிகம் போனால் இரண்டு, அப்புறம் நாற்காலி வரை கொண்டுவந்து விட்டு நன்றி சொல்லிப் போவார்கள். உங்கள் மனைவிக்கு இஷ்டமில்லை என்றால் "இந்தப் பாட்டுக்கு வேண்டாம்" என்றால் போதும், காரணம் சொல்லவேண்டாம். பதிலையும் அவரே சொல்லட்டும், நீங்கள் குறுக்கே புகாதீர்கள். ஒருவரை மறுத்தால் அந்தப் பாட்டு முழுக்க உட்கார்ந்தே இருக்கவேண்டும் என்று பழைய மரியாதை ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, பிடிக்காதவரோடு ஆட மறுத்ததற்கு எதற்குத் தண்டனை? நீங்களும் நாலு பேரைக் கூப்பிடுங்கள், முக்கியமாக வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பவரை. ஆடும்போது மட்டும் யாருக்கும் பாடம் நடத்தவேண்டாம். கூட ஆடுகிறவர் கால் தப்பினால் சிரித்துவிட்டு, தாளத்தின் அடுத்த "ஒன்று" வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். மனைவியிடம் திருத்தம் சொல்ல ஆரம்பித்தால் ஊர் திரும்புகிற வழி ரொம்ப நீளமாகிவிடும்.

சேலையில் ஆடலாம், ஆனால் கொஞ்சம் யோசித்துக் கட்டவேண்டும். வால்ட்ஸில் பெண் பாதி நேரம் பின்னோக்கி நடக்கிறார், தரையைத் தொடும் சேலை குதிகாலில் மாட்டும். கணுக்கால் தெரிகிற உயரத்துக்குக் கட்டி, கொசுவத்துக்கு ஒரு பின் குத்தச் சொல்லுங்கள். ஆணின் வலது கை போய் அமர்கிற இடம் பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பு, முந்தானை தொங்குவதும் அதே இடம்தான். அதை ஒடுக்கமாக மடித்து, முன்னால் சுற்றி இடுப்பில் செருகிவிட்டால் கைக்கு அடியில் வழுக்காது. நீளப் பின்னல் சுழலும்போது அடுத்தவர் முகத்தில் அடிக்கும், கொண்டை போடுவது நல்லது. சல்வார் என்றால் இத்தனை வேலையும் இல்லை.

கல்யாண மண்டபத் தரை பெரும்பாலும் பளபளவென்று வழுக்கும், ரப்பர் அடி செருப்போ நேர்மாறாகத் தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகும். மெல்லிய தோல் அடிப்பாகம் உள்ள ஷூ போதும், வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் கட்டாயம், நனைந்த சட்டையில் கை வைக்க யாருக்கும் ஆசை இருக்காது.

பல இடங்களில் கடைசிப் பாட்டு வால்ட்ஸாக இருக்கும், அதைத் தன்னோடு வந்தவரோடுதான் ஆடுவார்கள். பஸ்ஸைச் சாக்கு வைத்து அதற்கு முன்னால் கிளம்பிவிடாதீர்கள்.