பிரதேச சபையில் இளைஞருக்கு இடம்: 25 சதவீதம் எங்கே முடிகிறது?

கேள்வி: நான் கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த 22 வயதுப் பெண், எங்கள் ஊர் இளைஞர் கழகத்தின் செயலாளர். இளைஞர் பாராளுமன்றத்துக்கும், இளைஞருக்கு 25 சதவீதம் ஒதுக்கப்பட்டுள்ளதாகச் சொல்லப்படும் பிரதேச சபைக்கும் உறுப்பினர்களை நியமிப்பது யார்?

பதில்: முன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றமே இளைஞர் பாராளுமன்றத்தை நடத்துகிறது. இளைஞர் கழகம் வழியாகவே அதற்குப் போக வேண்டும் என்பதால், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள இளைஞர் சேவை உத்தியோகத்தரிடம் கழகத்தின் பதிவு நடப்பில் உள்ளதா என்று கேட்டறியுங்கள். அது நல்ல பயிற்சிக்களம். ஆனால் சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கில்லை.

பிரதேச சபை வேறு. அங்கு 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து வாக்குகளால் நேரடியாகத் தெரிவாகிறார்கள். எஞ்சிய 40 சதவீத இடங்களை, ஊரில் 'போனஸ்' என்று சொல்கிறோமே, அவற்றை, கட்சி பெற்ற வாக்குகளுக்கேற்ப அதன் செயலாளர் பெயர் குறித்து நிரப்புகிறார். உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கிய 25 சதவீதம் வேட்புமனுவிலுள்ள இளைஞர் தொகையைப் பற்றியதே தவிர, சபை ஆசனங்களைப் பற்றியதன்று. ஆகவே பட்டியலை நிறைப்பதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட ஓர் இளைஞர், தேர்தல் முடிந்தபின் அழைக்கப்படாமலே போகலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

நீங்கள் இளைஞர் என்ற வகையில் கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில், பெண் என்ற வகையிலேயே உங்களுக்குச் சட்டத்தின் துணை அதிகம்: பெண்களுக்கான 25 சதவீதம் ஆசனங்களிலேயே கணக்கிடப்படுகிறது. வட்டாரங்களில் பெண்கள் போதிய அளவு வெல்லாவிடின், சிறிய கட்சிகளுக்குரிய விலக்கு நீங்கலாக, அந்தக் குறையைக் கட்சிகள் பட்டியலிலிருந்து நிரப்பியாக வேண்டும்.

வேட்பாளராக நிற்க, உங்கள் பெயர் அந்தச் சபைப் பிரதேசத்தின் தேருநர் இடாப்பில் இருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே பாருங்கள். 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ் குறித்த குறைகளால் பல வேட்புமனுக்கள் முழுமையாக நிராகரிக்கப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. எனவே உறுதிப்படுத்திய பிரதியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எந்தக் கட்சி உங்களை அழைத்தாலும், கையெழுத்திடுமுன் வட்டாரத்திலா, மேலதிகப் பட்டியலிலா (வட்டாரம் இன்றிக் கட்சி தரும் பெயர்ப்பட்டியல்) நிறுத்தப்போகிறார்கள் என்று கேளுங்கள். பட்டியலென்றால், ஆசனம் கிடைக்கும்போது உங்கள் பெயர் குறிக்கப்படுமா என்பதையும் செயலாளரிடமே நேரில் கேட்டுவிடுங்கள்.