கரிசலில் வீடு, சதுப்பில் மனை: மண்ணைப் பலப்படுத்துவது பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அண்ணா, கோவில்பட்டி பக்கம் கரிசல் நிலத்தில் வீடு கட்டப் போகிறேன். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி மணல் நிரப்பினால் போதும் என்கிறார் கொத்தனார். சரியா?

பதில்: மணல் மட்டும் போதாது தம்பி. கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் களி, தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மணல் நிரப்பிய வானமோ மழைத்தண்ணீரைத் தேக்கி, சுற்றியிருக்கும் கரிசலுக்கே ஊட்டும். அப்புறம் சுவர் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

மழைக்கும் கோடைக்கும் ஈரம் அதிகம் மாறாத ஆழம் வரை அஸ்திவாரம் போக வேண்டும். நம் நாட்டுக் கரிசலில் பொதுவாக 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணை மனதில் வைத்து உருவாக்கியதுதான் அண்டர் ரீம்டு பைல். பைல் என்றால் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்; இந்த வகை, அடியில் குமிழ் போல விரிந்திருக்கும். குமிழின் விட்டம் பொதுவாகத் தண்டைப் போல 2.5 மடங்கு. மேல்மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். மண்மேலேயே பீமை வார்த்துவிட்டால், உப்பும் மண் பீமை முட்டித் தூக்கும்; பைல் போட்ட செலவே வீண்.

கேள்வி: அதே கரிசலில் குடோனுக்குத் தரை போட வேண்டும். சுண்ணாம்பு கலக்கலாமா?

பதில்: தாராளமாக. காய்ந்த மண்ணின் எடையில் 3 முதல் 6 சதவீதம் நீறிய சுண்ணாம்பு போதும். சரியான அளவைச் சோதனைக்கூடம் சொல்லும். கலந்து ஈரம் காட்டி, ஒரு நாள் விட்டு, மறுபடி கிளறி ரோலர் ஓட்டுங்கள். ஒட்டும் களி பொலபொலவென்று உதிரும். அதன்பின் ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஜிப்சம் (ஒரு வகை சல்பேட்) இருந்தால் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மண் இன்னும் வீங்கும். முதலில் சல்பேட் சோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: சார், பள்ளிக்கரணை பக்கம் ஆறடி மண் கொட்டி மேடாக்கிய மனை வாங்கியிருக்கிறோம். மேல்மண் கெட்டியாக இருக்கிறது. சாதாரண அஸ்திவாரம் போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. கொட்டிய மண்ணின் பாரத்தில் அடியிலிருக்கும் சதுப்புக் களி பல வருஷம் அமிழும். பெரிய திட்டங்களில் களிக்குள் வடிகால் பட்டைகளை இறக்கி, மேலே பாரம் ஏற்றித் தண்ணீரை முன்பே வெளியேற்றுவார்கள். தண்ணீர் வடியும் தூரம் பாதியானால், அமிழும் காலம் கால்வாசியாகும். ஒரு வீட்டுக்கு அது கட்டாது. கெட்டி மண் வரை பைல்தான் வழி. அமிழும் மண் பைலையும் கீழே இழுக்கும் என்பதால், அந்த இழுவையைக் கணக்கில் சேர்த்தாரா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: கம்பியை அதிகமாகப் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: முடியாது. கம்பி கான்கிரீட்டைத்தான் பலப்படுத்தும், மண்ணை அல்ல.